பார்க்காத மாதிரி போய்விடுவேன் என்று சொன்ன மகனுக்கு

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் நலமாக இல்லை என்று உனக்குத் தெரியும். பிறகு அந்த வரியை எழுதி யாரை ஏமாற்றுவது? பீர்க்கன்கரணை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாய். நடுவில் ஒற்றைச் சுவர். எழுந்து வந்து கதவைத் தட்டி இதையெல்லாம் வாயாலேயே சொல்லிவிடலாம். ஆனால் நம் வீட்டில் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. அதனால் இதை மடித்து உன் பெட்டிக்குள் வைக்கப் போகிறேன். நீ இதைப் படிக்கும்போது கப்பலில் இருப்பாய். போன தடவை செகண்ட் ஆபீசர், இந்தத் தடவை சீஃப் ஆபீசர். காலனியில் பார்க்கிறவர்கள் எல்லாம் எனக்குக் கை கொடுத்து, "சம்பளம் டாலர்லயா சார்?" என்று கேட்கிறார்கள். பிரமோஷன் வந்த பிள்ளையின் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நீ வந்து இறங்கிய நாளிலிருந்து கை கழுவிக்கொண்டே இருக்கிறாய். குளியலறையில் சோப்பு கரைகிற வேகத்தைப் பார்த்து உன் அம்மாதான் முதலில் கவனித்தாள். என்னிடம் சொன்னாளே தவிர உன்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இது நம் வீட்டு வழக்கம், தம்பி. நான் பீச்சிலிருந்து தாம்பரம் தாண்டிப் போகிற மின்சார ரயிலை ஓட்டிய காலத்தில், தண்டவாளத்தில் யாராவது அடிபட்ட நாளில் நான் வீட்டுக்குள் நேராக வரமாட்டேன். கேட்டுக்குப் பக்கத்துக் குழாயடியில் சட்டையைக் கழற்றி உட்கார்ந்துவிடுவேன். உன் அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய் வெந்நீர் வைத்துக்கொண்டு வருவாள். என்ன ஆச்சு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உன்னை உள்ளே போய்ப் படி என்று அனுப்பிவிடுவாள். குளி, சாப்பிடு, தூங்கு. இந்த மூன்றைத் தவிர வேறு வைத்தியம் எங்களுக்குத் தெரியாது. நீ வந்தபோதும் அதையேதான் செய்தோம். உனக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்து வைத்தாள், நீ தட்டைத் தள்ளிவிட்டாய். கடல் மீன் வேண்டாம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கப்பல் நடுக்கடலில் அகதிப் படகு ஒன்றிலிருந்து ஆட்களைக் காப்பாற்றியது, சிலர் செத்துப்போனார்கள் என்பது மட்டும்தான் அப்போது எங்களுக்குத் தெரியும். அதையும் நீ போனில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சாவைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு என்ன செய்வது என்று யோசித்து, எனக்குத் தெரிந்த புத்தியில் அமாவாசையன்று உன்னைக் கோவளம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தேன். அங்கே நடந்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஐயர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தோப்பனார் இருக்கறச்சே பிள்ளை பண்ணப்படாது. நீங்க உக்காருங்கோ" என்றார். இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாமல் உன்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். நான் உட்கார்ந்தேன். காலமானவர் பேர் என்ன என்றார். தெரியாது சாமி என்றேன். எத்தனை பேர் என்றார். அதுவும் தெரியாது. அவர் எள்ளைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, சிவகோத்திரம்னு வச்சுக்கலாம்" என்றார். அப்போதுதான் நீ பேசினாய். "அவங்கள்லாம் புதைக்கிற ஜனம் சாமி. புதைக்கவும் கிடைக்கல" என்று சொல்லிவிட்டு வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்துவிட்டாய். ஐயர் பாவம், கையில் எள்ளை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் சொல்லச் சொல்ல நான் இறைத்தேன். எழுந்து வந்தபோது என் கண் கலங்கியிருந்ததை நீ பார்த்தாய். உன் ஆட்களுக்காக அழுதேன் என்று நினைத்திருப்பாய். அது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

திரும்பும் வழியில் கேளம்பாக்கத்தில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அங்கேதான் நீ வாய் திறந்தாய். பக்கத்தில் ஒரு மரப்படகு ஆபத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று கரையிலிருந்து உங்கள் கப்பலுக்குச் செய்தி வந்தது. கேப்டன் கப்பலைத் திருப்பினார். படகு காற்றில் ஆடாமல் இருக்கக் கப்பலையே மறைப்பாகக் கொண்டுபோய் நிறுத்தினார். கயிற்று ஏணியையும் வலையையும் இறக்கி ஆட்களை மேலே ஏற்றுவது உன் பொறுப்பு. "உக்காருங்க, உக்காருங்கன்னு கத்தினேன்ப்பா. கையால காட்டினேன். ஏணியைப் பார்த்ததும் அத்தனை பேரும் இந்தப் பக்கமே எழுந்துட்டாங்க" என்றாய். படகு ஒருபக்கமாகச் சாய்ந்து புரண்டுவிட்டது. நீ ஏணியின் கடைசிப் படி வரை இறங்கிக் கையை நீட்டியிருக்கிறாய். ஒரு பெண்ணின் கை கிடைத்தது. படகிலிருந்து கொட்டிய டீசல் தண்ணீர் முழுக்கப் பரவியிருந்ததால் அவள் கையெல்லாம் வழவழ என்று இருந்திருக்கிறது. "பிடிச்சேன்ப்பா. நல்லாத்தான் பிடிச்சேன்" என்று உன் கையை என் முன்னால் விரித்துக் காட்டினாய். சோப்பு ஏன் கரைகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு நீ சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "நாங்க போகாம இருந்திருந்தா அவங்க பாட்டுக்குப் போயிருப்பாங்க. நாங்க கிட்டப் போனதாலதான் எழுந்தாங்க, எழுந்ததாலதான் கவுந்துச்சு. இனிமே என் வாட்ச் டியூட்டில அப்படி ஒரு படகு தெரிஞ்சா, பார்க்காத மாதிரி போயிடுவேன்ப்பா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." குரலை உயர்த்தாமல், ஏதோ செருப்பு வாங்குவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாய். கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். நீ முடிவு பண்ணிவிட்டுச் சொன்னாய். அதற்குப் பெற்ற தகப்பன் நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "டீ ஆறுது, குடி." அவ்வளவுதான். அன்று உனக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அந்தப் படகில் ஏற்கெனவே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, நீங்கள் போகாவிட்டாலும் மூழ்கியிருக்கும் என்று உங்கள் கேப்டன் சொன்னாராம். நீயேதான் சொன்னாய், சொல்லும்போதே அதை நம்பவும் இல்லை. உன்னை நம்பவைக்க நான் முயற்சி பண்ணப் போவதில்லை. என்னிடமும் எத்தனையோ பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி வருகிற வேகத்துக்கு நீ என்ன பண்ண முடியும், அவன் குறுக்கே வந்தான், உன் மேல் தப்பில்லை என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் வண்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பவன் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை. தூரத்தில் ஆள் தெரிந்ததும் ஹாரனை அழுத்துவோம், பிரேக்கைப் போடுவோம். அத்தனை பாரம் சட்டென்று நிற்காது. நிற்காது என்று தெரிந்துதான் போடுவோம். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் செய்வதற்கு ஒன்றும் கிடையாது, பார்ப்பதைத் தவிர. சிலர் கடைசியில் நம் பக்கம் திரும்புவார்கள். முடிந்த பிறகு இறங்கிப் பார்த்து, கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி, அடுத்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு மிச்ச தூரத்தை ஓட்ட வேண்டும். உள்ளே இருக்கிறவர்களுக்கு ஆபீசுக்கு நேரமாகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் ஓய்வறையில் மூத்தவர் ஒருவர் எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். "பிரேக்கைப் போட்டுட்டு கண்ணை மூடிக்கோ. பார்க்காதது மனசுல நிக்காது" என்றார். நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் அப்படியே செய்து பார்த்தேன். தம்பி, இதை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்தவர்கள் எல்லாம் காலப்போக்கில் என்னை விட்டுப் போய்விட்டார்கள். பச்சைச் சட்டைக்காரர், டிபன் கேரியர் வைத்திருந்தவர் என்று ஏதோ ஒன்று ஞாபகம் இருக்கும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டேனே, அவர்கள்தான் இன்னும் போகவில்லை. அவர்களுக்கு முகம் கிடையாது. அதனால் கனவில் வரும்போது ஏதாவது ஒரு முகத்தை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். உன் முகத்தோடுகூட வந்திருக்கிறார்கள். கோவளத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்தபோது அவர்களுக்காகத்தான் அழுதேன். உன் ஆட்களுக்கென்று போனவன் என் ஆட்களுக்கு இறைத்துவிட்டு வந்தேன்.

எல்லா நாளும் வண்டி நிற்காமல் போகவில்லை. ஒரு நாள் நின்றது. பெருங்களத்தூர் தாண்டி வண்டலூருக்குப் போகிற வழியில் ஒரு பெண் தண்டவாளத்தின் நடுவில் நின்றாள். சாயங்கால வண்டி, நெரிசல். அப்போதுதான் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி வேகம் எடுத்துக்கொண்டிருந்ததால் பிரேக் பிடித்தது. அவளுக்குக் கிட்டே வந்து வண்டி நின்றுவிட்டது. இறங்கி ஓடினேன். அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாளா? கும்பிடவில்லை. "இன்னாத்துக்குய்யா நிறுத்தின? உன்னைக் கூப்ட்டனா நானு?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பின்னாலிருந்து ஒருவன், "இன்னா சார், வண்டி எடுப்பியா மாட்டியா? வூட்டுக்குப் போவ வேணாமா?" என்று கத்துகிறான். நானும் கடைசிப் பெட்டியிலிருந்து வந்த கார்டும் அவளை வண்டியில் ஏற்றி வண்டலூரில் ரயில்வே போலீசிடம் ஒப்படைத்தோம். அன்று வீட்டுக்கு வந்தும் நான் குழாயடியில்தான் உட்கார்ந்தேன். சந்தோஷமான நாளில் எதற்குக் குளித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் உனக்குச் சொல்ல நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நாள் கழித்து, கூட வேலை செய்கிற ஒருவன் ஓய்வறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீ அன்னிக்கு ஏத்திவிட்டியே, அந்தம்மா. நேத்து என் வண்டியில" என்றான். அதே இடம்தான். நான் உன்னைப் போலவேதான் கணக்குப் போட்டேன், தம்பி. நிறுத்தி என்ன பிரயோஜனம், அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் கஷ்டத்தைத்தான் கூட்டிக் கொடுத்தேன், என் நண்பன் தலையிலும் கட்டிவிட்டேன் என்று. அந்த நாட்களில் அவள் என்ன செய்தாள், யாரோடு பேசினாள், ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிட்டாளா, எனக்குத் தெரியாது. நல்லது நடந்திருக்கும் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் ஒரு நாள் இரும்புலியூர் பக்கம் ஒரு கிழவர் குறுக்கே வந்தார். நான் போட்ட கணக்கெல்லாம் எங்கே போனதோ, என் கை பிரேக்கில் இருந்தது. அவர் பாட்டுக்குக் கடந்து போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கை மனசைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யவில்லை என்பதை நினைத்துத்தான் அப்புறம் பல வருஷம் நான் தூங்கினேன்.

நீ பார்க்காத மாதிரி போவேன் என்கிறாய். போகலாம். நடுக்கடலில் உன்னை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் உனக்கும் எனக்கும் சம்பளம் கொடுப்பதே முன்னால் நின்று பார்ப்பதற்குத்தான். பார்த்துவிட்ட பிறகு பார்க்காத மாதிரி இருப்பது நம்மால் ஆகாது, அதை நான் செய்து பார்த்துவிட்டேன். நழுவிப்போன அந்தக் கை உனக்குத் தெரியும். அது ஒரு பெண்ணின் கை, டீசல் பட்ட கை, நீ பிடித்த கை. அது உன்னை வதைக்கும், ஆனால் என்றாவது போகும். பிடிக்காமல் விட்டுவிட்டுப் போகிற கைக்கு அடையாளம் எதுவும் இருக்காது. அது போகாது. உன்னைப் பெரிய தியாகியாகப் போகச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொல்கிறேன், எனக்கு என் பிள்ளை வேண்டும்.

இன்னொன்று. டீக்கடையில் நீ செத்தவர்களைப் பற்றியே பேசினாய். மேலே ஏறி வந்தவர்களைப் பற்றி ஒரே வரிதான் சொன்னாய். எல்லோரும் நனைந்து நடுங்கினார்கள், மாற்றத் துணி இல்லாமல் கேபின் திரைச்சீலைகளைக் கழற்றிச் சுற்றிவிட்டோம் என்று. அந்த வரியை நீ மறந்திருப்பாய். மறுநாள் காலையில் உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நீ சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். நீ பார்க்காத மாதிரி போகப் போவதையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்காமல், "பொம்பளைங்களும் திரைச்சீலைதான் சுத்திக்கினு இருந்தாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மத்தியானம் பஸ் ஏறித் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனவள், இரண்டு கையிலும் பை தொங்க வந்து சேர்ந்தாள். பிரித்துப் பார்த்தால் நைட்டி, லுங்கி, துண்டு. சின்னப் பிள்ளைகள் போடுகிற கவுன்கூட இருக்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. "அவன்தான் இனிமே நிறுத்தவே மாட்டேன்னு சொல்லிட்டானே, இதெல்லாம் யாருக்கு?" என்றேன். அவள் நைட்டிகளை மடித்துக்கொண்டே, "அவன் வாய் ஆயிரம் சொல்லும்ங்க. கை நிறுத்திடும். நீங்க நிறுத்தல?" என்றாள். மடித்ததை அடுக்கி வைத்தாள். "அந்தப் பொம்பளைக்கு வண்டிய நிறுத்தினீங்களே, கார்டு வூட்டம்மா அன்னிக்கே சொன்னாங்க. அவ அப்புறம் போய்ச் சேர்ந்ததையும் சொன்னாங்க. ஒவ்வொரு வெந்நீரும் எதுக்குன்னு எனக்குத் தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். சொல்லல." இவ்வளவு காலமும் என்னோடு அந்த வண்டியின் முன்னால் அவளும் உட்கார்ந்துதான் வந்திருக்கிறாள். அது தெரியாமல், குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாமல் காப்பாற்றிவிட்டதாக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெட்டி எடை கூடிவிட்டது. விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றேன். அவள் உன் ஜீன்ஸ் இரண்டையும், அந்தத் தடித்த ஜாக்கெட்டையும் எடுத்து வெளியே வைத்துவிட்டாள். பெட்டியைத் திறந்ததும் என் துணி எங்கே என்று கத்தாதே. நைட்டிகளுக்கு நடுவில்தான் இந்தக் கடிதம் இருக்கும். பூப்போட்ட நைட்டியெல்லாம் கப்பலில் வைத்திருந்தால் கூட இருப்பவர்கள் கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும். அந்தத் துணிகள் யாருக்கும் தேவைப்படாமல், கடலில் ஒருவரும் தவிக்காமல், மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பி வந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. நீ பார்க்காத மாதிரி போனதால் மடிப்புக் கலையாமல் வந்தால், உன் முகத்தைப் பார்த்ததும் உன் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். உள்ளே போய் வெந்நீர் வைப்பாள்.

இந்தத் தடவை நான் கேட்பேன்.

அப்பா